எருதும் கேடயமும்

கைவினையாளர் வரலாறு – பகுதி 23

மத்ரித் அரண்மனையின் ஆயுதச்சாலையில் ஒரு கேடயம் இருக்கிறது. இரும்பில் அடித்து எழுப்பிய உருவங்கள், அவற்றின் மேல் பொன் வேலை. பார்க்கிறவர் கண் நடுப்பகுதியிலேயே தங்கிவிடும். பொறுமையாக விளிம்புக்கு வந்தால் அங்கே ஓர் எருது நிற்கிறது. தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வீரன்மேல் பாய்கிறது. அவன் கையிலும் ஒரு சிறு கேடயம். அதில் லத்தீன் எழுத்து ஆறு: ‘நெக்ரோல்’.

செய்தவர் தம் பெயரையும் ஊரையும் நாளையும் அதே கேடயத்தில் பொறித்து வைத்திருக்கிறார். பெயர் தெசிடேரியஸ். ஊர் ஆக்ஸ்பர்க். நாள் 1552 ஏப்ரல் 15. செய்யச் சொன்னவர் ஸ்பெயின் இளவரசர் பிலிப். பிற்காலத்தில் இரண்டாம் பிலிப் என்று பாதி உலகத்தை ஆண்டவர்.

ஓர் இளவரசர் கையில் ஏந்தப்போகும் பொருளில், தொழிற்போட்டியாளரின் பெயரை எழுதி எருதை விட்டு முட்டவைக்கிறார் ஒரு கொல்லர். அப்படியென்றால் அந்தப் பெயர் அவரை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்! யார் அந்த நெக்ரோல்?

சென்ற பகுதியில் தென்னிந்திய உருக்குக் கட்டிகள் மேற்காசியாவில் வாள்களாக மாறிய கதையைப் பார்த்தோம். இந்த முறை ஆல்ப்ஸ் மலையின் தெற்கே ஓர் ஊர், வடக்கே ஓர் ஊர். தெற்கே மிலான், வடக்கே ஆக்ஸ்பர்க். இரண்டுக்கும் இடையே நடந்த தொழிற்போட்டியில்தான் ஐரோப்பா கண்ட மிக அழகான கவசங்கள் பிறந்தன.

மிலான் நகரின் பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கும் சில தெருக்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே நடக்கலாம். ஸ்படாரி தெரு: வாள் செய்வோர் தெரு. ஆர்மொராரி தெரு: கவசக்கொல்லர் தெரு. ஸ்பெரொனாரி தெரு: குதிரைமுள் செய்வோர் தெரு. ஒரெஃபிச்சி தெரு: தட்டார் தெரு. பட்டறைகள் போய்விட்டன, துணிக்கடையும் உணவகமும் வந்துவிட்டன. பெயர்கள் மட்டும் போகவில்லை. நம் ஊர்களில் கன்னார் தெருவும் தட்டாரத் தெருவும் நிற்பதைப்போல அவை நிற்கின்றன.

15ஆம் நூற்றாண்டில் அந்தத் தெருக்கள் எப்படி வேலை செய்தன என்பதற்கு ஒரு செய்தி போதும். 1427இல் மக்லோதியோ என்ற இடத்தில் மிலான் படை தோற்றது. சிறைப்பட்ட வீரர்கள் கவசத்தையும் குதிரையையும் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். மிலான் கவசக்காரர்கள் சில நாட்களுக்குள் 4,000 குதிரை வீரர்களுக்கும் 2,000 காலாட்களுக்கும் புதுக் கவசம் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடித்துக் கையிருப்பில் வைத்திருந்தால்தான் அது நடக்கும். ஆகவே அது ஏற்றுமதித் தொழில். தகட்டை அடிக்க ஒரு கை, தேய்த்துப் பளபளப்பாக்க ஒரு கை, கீலும் கொக்கியும் பொருத்த ஒரு கை, தோல்வாரும் உட்துணியும் தைக்க ஒரு கை என்று வேலை பிரிந்திருந்தது. தேய்ப்பு வேலைக்கு நீரோட்டத்தில் சுழலும் சாணைகள் இருந்தன.

கவசம் என்றதும் பலருடைய மனத்தில் வரும் படம் ஒன்று உண்டு. நடக்க முடியாத அளவுக்கு இரும்பைச் சுமந்த வீரனைக் கப்பி போட்டுத் தூக்கிக் குதிரைமேல் வைக்கிறார்கள். அப்படி ஒன்று நடந்ததே இல்லை. 1944இல் வந்த ‘ஐந்தாம் ஹென்றி’ திரைப்படம் அந்தக் காட்சியை உலகெங்கும் பரப்பியது. உண்மையில் போருக்கான முழுக் கவசம் 15 முதல் 25 கிலோ வரைதான். அந்தப் பாரமும் ஒரே இடத்தில் இறங்காது. தலை, தோள், இடுப்பு, தொடை என்று உடம்பெங்கும் பரவி நிற்கும். தோளிலும் முழங்காலிலும் சிறு சிறு தகடுகள் இறால் ஓட்டைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கையை உயர்த்தினால் அவை ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும். பழகியவர் அதை அணிந்துகொண்டு தாமாகவே குதிரை ஏறுவார், ஓடுவார், விழுந்தால் எழுவார்.

இவ்வளவு நுட்பமும் துப்பாக்கிக்கு முன்னால் தடுமாறியது. 1525 பிப்ரவரி 24 அன்று பாவியாவில் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் தம் குதிரைப் படையோடு நேராகப் பாய்ந்தார். ஸ்பானியத் துப்பாக்கிக்காரர்கள் அந்தப் பிரபுக்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். மன்னரே சிறைப்பட்டார். கவசக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மார்புத்தகட்டைக் கனமாக்கினார்கள், செய்து முடித்த தகட்டின்மேல் ஒரு குண்டைச் சுட்டு, அது துளைக்காமல் விட்ட குழியையே உத்தரவாத முத்திரையாக வைத்து விற்றார்கள். ஆனால் கனம் கூடக்கூட, அணிகிறவர் மற்ற பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். முழுக் கவசத்தின் காலம் இறங்குமுகமாகிவிட்டது.

அந்த இறங்குமுகத்தில்தான் கவசக்கலை உச்சத்தைத் தொட்டது. போருக்குத் தேவை குறைந்தது. ஊர்வலத்துக்கும் முடிசூட்டுக்கும் கேளிக்கைப் போட்டிக்கும் தேவை கூடியது. இத்தாலியில் அப்போது பழைய ரோமாபுரியின் மேல் பெரும் மோகம். மண்ணைத் தோண்டினால் பளிங்குச் சிலைகள் வந்துகொண்டிருந்தன. சீசரைப்போல, ஹெர்குலிஸைப்போலத் தோன்ற வேண்டும் என்று பிரபுக்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையை இரும்பில் செய்துகொடுக்க முடியும் என்று காட்டியவர் பிலிப்போ நெக்ரோலி.

ஏறத்தாழ 1510இல் மிலானில் பிறந்தவர். தந்தை ஜான் ஜாக்கோமோ நெக்ரோலியும் கவசக்காரர். தம்பிமார் ஜோவன் பத்தீஸ்தா, பிரான்செஸ்கோ. இவர்களில் பிரான்செஸ்கோ இரும்பில் பொன்னிழை பதிப்பதில் கைதேர்ந்தவர். பட்டறை குடும்பத்துடையது, ஆனால் இரும்பில் உருவம் எழுப்பும் கை பிலிப்போவுடையது. கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி, ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் நடுவே இந்தக் கவசக்காரரின் பெயரையும் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தக் காலத்தில் ஒரு கொல்லருக்கு அது கிடைத்தற்கரிய மரியாதை.

1533இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு ஒரு தலைக்கவசம் செய்தார்கள். அதைத் தலைக்கவசம் என்பதைவிட இரும்பில் செய்த தலை என்பதே பொருத்தம். சுருள் சுருளாகப் பொன்னிற முடி. பக்கவாட்டில் காது. கீழ்ப்பகுதியில் உதடும் பொன்னிறத் தாடியும். பேரரசர் அதை அணிந்து குதிரையில் வரும்போது, தூரத்தில் நிற்பவருக்குப் பழைய ரோமாபுரி வீரன் ஒருவன் தலைமுடி பளபளக்க வருவதாகத் தோன்றியிருக்கும். அதுவும் மத்ரித்தில் இருக்கிறது.

இதைச் செய்த முறையைத் தமிழ் வாசகருக்குச் சொல்வது எளிது. நம் கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தகட்டை அரக்குப் படுக்கையின்மேல் ஒட்டி, பின்பக்கமிருந்து தட்டி உருவத்தைப் புடைக்க வைத்து, திருப்பிப் போட்டு முன்பக்கமிருந்து சிறு உளிகளால் கண்ணையும் மூக்கையும் தெளிவாக்குவார்கள். தஞ்சாவூர்க் கலைத்தட்டிலும் இந்தப் புடைப்பு வேலைதான். வேலை முறை இங்கும் அங்கும் ஒன்றே. உலோகம் வேறு. வெள்ளியும் செம்பும் தட்டுகிறவர் கைக்கு வளைந்து கொடுக்கும். இரும்பும் உருக்கும் அப்படிக் கொடுக்காது. சுத்தியல் படப் பட இறுகும். இறுகியதை மேலும் தட்டினால் வெடிக்கும். ஆகவே கொஞ்சம் தட்டி, உலையில் பழுக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு, மறுபடி தட்ட வேண்டும். ஒரு சுருள்முடிக்காக எத்தனை முறை தகடு உலைக்குப் போய் வந்திருக்கும்! உருவம் உயர உயரத் தகடு மெலியும். கடைசி நாளில் ஒரு விரிசல் விழுந்தால் அத்தனை மாத உழைப்பும் போயிற்று.

நெக்ரோலியின் கை எதுவரை போகும் என்பதை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள தலைக்கவசத்தில் பார்க்கலாம். 1543இல் செய்தது. ஜாக்கோமோவின் மகன் பிலிப்போ நெக்ரோலி செய்தது என்று நெற்றிப் பட்டையில் லத்தீனில் எழுதியிருக்கிறார். தலையை மூடும் கிண்ணப் பகுதி முழுவதும் ஒரே இரும்புத் தகடு. ஒட்டும் இல்லை, இணைப்பும் இல்லை. உச்சியில் சேவல் கொண்டைபோல ஓடும் முகட்டில் கடற்கன்னி ஒருத்தி மல்லாந்து வளைந்து கிடக்கிறாள். தலைக்கு அப்பால் நீட்டிய அவள் இரண்டு கைகளும் மெதூசா என்ற அரக்கியின் தலையை முடியோடு பற்றியிருக்கின்றன. பக்கங்களில் சுருண்டோடும் இலைக்கொடிகள். கொடிகளுக்குள் குழந்தை உருவங்கள். மேற்பரப்பு பழைய வெண்கலச் சிலையைப்போல் கருத்து மின்னும்படி பதம் செய்யப்பட்டிருக்கிறது. எடை 1,871 கிராம். இரண்டு கிலோவுக்கும் குறைவான இரும்பில் ஒரு கோபுரச் சிற்பத்தின் அடர்த்தி!

தற்காப்புக்கான கருவி என்று பார்த்தால் இந்த வேலை தலைகீழானது. நல்ல கவசத்தின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். ஈட்டி முனை அதில் பட்டு வழுக்கிப் போக வேண்டும். அதற்காகவே தகடுகளை உருட்டி, முகடு வைத்துச் செய்தார்கள். நெக்ரோலியின் இலையும் முடியும் ஈட்டியை வழுக்க விடாது, பிடித்து நிறுத்திக்கொள்ளும். இதை அவர் அறியாமல் இருந்திருக்க முடியுமா? தலைமுறை தலைமுறையாகப் போர்க்கவசம் அடித்த வீட்டுப் பிள்ளை அவர். வாங்குகிறவருக்கும் தெரியும். சார்லஸ் போர்க்களத்துக்குப் போனபோது போட்டுக்கொண்டது வேறு கவசம். அது ஆல்ப்ஸுக்கு வடக்கே இருந்து வந்தது.

ஆக்ஸ்பர்க்கில் ஹெல்ம்ஷ்மிட் குடும்பம் மூன்று தலைமுறையாக ஹாப்ஸ்பர்க் அரசர்களுக்கு வேலை செய்தது. குடும்பப் பெயருக்கே தலைக்கவசக் கொல்லர் என்றுதான் பொருள். லோரென்ஸ், அவர் மகன் கோல்மன், கோல்மனின் மகன் தெசிடேரியஸ். பேரரசர் முதலாம் மாக்சிமிலியனுக்கு லோரென்ஸ் செய்தார். மாக்சிமிலியனின் பேரன் சார்லஸுக்குக் கோல்மனும் தெசிடேரியஸும் செய்தார்கள். அரச குடும்பத்தின் வம்சமும் கொல்லர் குடும்பத்தின் வம்சமும் அருகருகே நடந்தன. ஊரின் தொழிற்சங்கம் கவசத்தைச் சோதித்துப் பார்த்துத் தகுதியானது என்று கண்டால் பைன் மரக் காய் முத்திரை குத்தும். ஆக்ஸ்பர்க்கின் சின்னம் அது. அந்த முத்திரையைக் கண்டு ஐரோப்பா முழுவதும் நம்பி வாங்கினார்கள்.

தெசிடேரியஸ் 1544இல் சார்லஸுக்கு ஒரு போர்க்கவசம் செய்தார். வழவழப்பான உருக்கு, விளிம்புகளிலும் நடுப்பட்டையிலும் மட்டும் பொன் அலங்காரம். 1547 ஏப்ரல் 24 அன்று மூல்பெர்க் போரில் சார்லஸ் புராட்டஸ்டன்ட் இளவரசர்களை வென்றார். அடுத்த ஆண்டு வெனிஸிலிருந்து ஓவியர் டிஷியன் ஆக்ஸ்பர்க்குக்கு வரவழைக்கப்பட்டார். கரிய குதிரையின்மேல், கையில் நீண்ட ஈட்டியோடு, மாலை வெளிச்சத்தில் தனியாக வரும் பேரரசரை அவர் வரைந்தார். அந்தப் படத்தில் சார்லஸின் உடம்பில் மின்னுவது தெசிடேரியஸின் கவசம். படம் மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில். கவசம் அதே ஊரில், அரண்மனையில். ஒரு நாள் பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஓவியத்தின் முன்னால் கூட்டம் நிற்கும். கவசத்தின் முன்னாலும் அதே அளவு கூட்டம் நிற்கத்தான் வேண்டும்.

ஜெர்மன் பட்டறைகளின் பெரும் பலம் அமில அரிப்பு. தகட்டின்மேல் மெழுகோ, அமிலம் ஊடுருவாத வர்ணமோ பூசுவார்கள். அரிக்க வேண்டிய இடத்தைத் திறந்து விடுவார்கள். காடி, உப்பு, நவச்சாரம், துத்தம் போன்றவற்றைக் கலந்த அமிலக் கரைசலை அதன்மேல் விட்டால் திறந்த இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். கழுவித் துடைத்தால் கொடியும் பூவும் மேடாக நிற்கும். பள்ளத்தில் கருமை ஏற்றுவார்கள். பின்னணி முழுவதும் கடுகளவுப் புள்ளிகள் எழும்பியிருக்குமாறு விடுவது அவர்கள் வழக்கம். அதைக் கண்டாலே ஜெர்மன் வேலை என்று சொல்லிவிடலாம். தகட்டின் வலிமைக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. மேற்பரப்பும் வழவழப்பாகவே இருக்கும். போருக்கும் பொருந்தும், பார்வைக்கும் பொருந்தும்.

இந்த அரிப்பு வேலையிலிருந்து உலகத்துக்கு வந்த கொடை ஒன்று உண்டு. டேனியல் ஹோப்ஃபர் என்ற கலைஞர் 1493இல் ஆக்ஸ்பர்க்கில் குடியேறினார். கவசங்களில் அரிப்பு அலங்காரம் செய்வது அவர் தொழில். அப்படி அரித்த இரும்புத் தகட்டின் பள்ளத்தில் மையைத் தேய்த்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் இறங்கிவிடும் என்று கண்டு, அதைத் தொழிலாகவே செய்த முன்னோடிகளில் அவர் முதன்மையானவர். 1515க்கும் 1518க்கும் இடையே ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் இரும்புத் தகட்டில் அரித்து ஆறு படங்கள் அச்சிட்டார். அவற்றில் ஒன்று பீரங்கி நிற்கும் நிலக்காட்சி. அடுத்த நூற்றாண்டில் ரெம்பிராண்ட் அதே முறையைச் செம்புத் தகட்டில் கையாண்டு சிகரம் தொட்டார். ஓவியக் கல்லூரியில் அமில அரிப்பு அச்சு பயிலும் நம் ஊர் மாணவர்கள், தங்கள் பாடத்தின் மூலம் ஒரு கவசக்காரர் பட்டறை என்று அறிந்துகொள்வது நல்லது.

பொன் பூசும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் அழகோடு சாவும் இருந்தது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்போல் ஆக்குவார்கள். இரும்பில் அது நேராக ஒட்டாது. முதலில் துத்தக் கரைசலால் மெல்லிய செம்புப் படலம் ஏற்றி, அதன்மேல் பூசி, தீயில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் பறந்துவிடும், பொன் பிடித்துக்கொள்ளும். பறந்த ஆவி பட்டறையில் இருந்தவரின் மூச்சில் போயிற்று. கை நடுக்கம், பல் உதிர்தல், மனப் பேதலிப்பு எல்லாம் பொன் பூசுவோரின் தொழில் நோய்கள். அருங்காட்சியகத்தில் பொன் மின்னும் ஒவ்வொரு கவசத்தின் பின்னாலும் பெயர் தெரியாத யாரோ ஒருவர் இப்படி மூச்சை இழந்திருக்கிறார்.

இரும்பிலேயே நிறம் வரவழைக்கும் கலையும் உண்டு. மெருகேற்றிய உருக்கை மெல்லச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, ஏறத்தாழ 300 பாகையில் ஆழ்ந்த நீலம். சரியான நொடியில் தீயிலிருந்து எடுத்துவிட வேண்டும்; தவறினால் நிறம் சாம்பலாகிவிடும். கவசங்கள் எல்லாம் வெள்ளையாக மின்னின என்று நாம் நினைப்பதற்குப் பின்னாளைய துப்புரவும் ஒரு காரணம். துரு எடுக்கிறோம் என்று தேய்த்துத் தேய்த்து நீலத்தைப் பல கவசங்கள் இழந்துவிட்டன.

வேலைக்குக் கொடுத்த கால அளவு பற்றி ஒரு கவசமே சாட்சி சொல்கிறது. இத்தாலியின் பெசாரோ ஊர்த் தட்டார் பார்த்தொலொமேயோ காம்பி 1546இல் ரோமானியப் பாணியில் ஒரு கவசம் செய்தார். ஓராண்டு ஆகவேண்டிய வேலையைத் தன் இளவரசரின் கட்டளைக்குப் பணிந்து இரண்டே மாதத்தில் முடித்ததாக அதிலேயே பொறித்திருக்கிறார். பெருமையும் உண்டு, களைப்பும் உண்டு அந்த வரியில். பத்து மாதத்தை விழுங்கிய அந்த அவசரத்தில் அவரும் உதவியாட்களும் எத்தனை இரவு தூங்கினார்கள் என்பதை எந்தச் சிறப்பு விழாக் குறிப்பும் சொல்லாது.

இப்போது மறுபடி எருதிடம் வருவோம்.

1548இல் சார்லஸின் மகன் இளவரசர் பிலிப் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டு இத்தாலி, ஜெர்மன் நாடுகள், நெதர்லாந்து என்று தாம் ஆளப்போகும் நிலங்களைப் பார்க்கப் போனார். 1551 வரை நீண்ட பயணம். அதில் ஆக்ஸ்பர்க்கில் பல மாதம் தங்கினார். கவசத்தில் அவருக்குத் தணியாத ஆசை. தெசிடேரியஸிடம் அவர் கேட்டது இத்தாலியப் பாணியில் புடைப்பு வேலை செய்த அலங்காரக் கவசம். ஆக்ஸ்பர்க்கின் பலம் வழவழப்பும் அரிப்பும். புடைப்பு நெக்ரோலியின் களம். யோர்க் ஸிக்மன் என்ற இளம் தட்டாரைத் தெசிடேரியஸ் சேர்த்துக்கொண்டார். கொல்லரும் தட்டாரும் சேர்ந்து 1549 முதல் 1552 வரை உழைத்தார்கள். தலைக்கவசத்தில் ஸிக்மனும் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். கேடயத்தில் தெசிடேரியஸின் பெயர், விளிம்பில் எருது.

மிலான் 1535 முதல் சார்லஸின் கைக்குள் வந்துவிட்டது. 1539இல் மனித முகங்கள் நிறைந்த ஒரு கவசத்தையும், 1541இல் நடுவே மெதூசாவின் தலை அலறும் ஒரு கேடயத்தையும் நெக்ரோலி சகோதரர்கள் பேரரசருக்குச் செய்து கொடுத்திருந்தார்கள். மூன்று தலைமுறையாக அரண்மனை வாசலில் நின்ற குடும்பத்துக்கு இது எப்படி இருந்திருக்கும்? தெசிடேரியஸ் கடிதம் எழுதி வைக்கவில்லை. எருதை வைத்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். நெக்ரோலி 1550களின் இறுதிக்குள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார், 1579இல் இறந்தார். அதே 1579இல் தெசிடேரியஸும் இறந்தார். சுவீடன் மன்னர் பதினான்காம் எரிக்குக்காக ஆன்ட்வெர்ப் தட்டார் எலிசேயுஸ் லிபார்ட்ஸ் 1560களில் ஹெர்குலிஸ் கதைகள் நிறைந்த கவசம் ஒன்று செய்தார். அது எரிக்கின் கைக்குப் போய்ச் சேரவில்லை, இன்று ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டோடு பட்டறைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

மத்ரித்தில் இத்தனையும் மிஞ்சியதற்கு இரண்டாம் பிலிப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அரசர் இறந்தால் அவர் பொருள்களை விற்றுக் கடன் அடைப்பது வழக்கம். பிலிப் தம் தந்தையின் கவசங்களை விற்கவிடாமல் மீட்டு, அரச உடைமை என்றும் பிரிக்கக்கூடாதென்றும் ஏற்பாடு செய்தார். 1884இல் ஆயுதச்சாலைக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. அதையும் தாண்டிப் பெரும்பகுதி தப்பியது.

தொழில் செத்தாலும் கை முற்றிலும் மறக்கவில்லை. நியூயார்க் அருங்காட்சியகம் 1909இல் டானியேல் தஷோ என்ற பிரெஞ்சுக் கவசக்கொல்லரை வரவழைத்து, பழைய கவசங்களைப் பழுதுபார்க்க உள்ளேயே ஒரு பட்டறை வைத்துக் கொடுத்தது. 1912இல் அங்கே ஆயுதப் பிரிவைத் தொடங்கியவர் பாஷ்ஃபோர்ட் டீன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மீன்களை ஆராய்ந்த விலங்கியல் பேராசிரியர். நெக்ரோலியின் கடற்கன்னித் தலைக்கவசம் அந்த அருங்காட்சியகத்துக்கு 1917இல் கொடையாக வந்தது. அதே ஆண்டு அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. பதுங்குகுழிகளில் பீரங்கிக் குண்டுச் சிதறல் தலையில் பட்டு வீரர்கள் மாண்டுகொண்டிருந்தார்கள். டீன் படையில் மேஜராகச் சேர்ந்தார். பழைய தலைக்கவசங்களின் வளைவைப் பார்த்துப் படித்து, தஷோவின் பட்டறையில், பழைய கவசக்காரர்களின் பட்டறைக் கருவிகளிலேயே புதிய இரும்புத் தொப்பிகளை அடித்துச் சோதித்தார்கள். படை கடைசியில் பிரிட்டிஷ் மாதிரியையே அணிந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கான வீரர்களின் தலையைக் காக்க, நானூறு ஆண்டுப் பழைய கைத்திறனிடம் ஒரு நாட்டின் படை உதவி கேட்டது உண்மை.

1998 அக்டோபரில் அதே அருங்காட்சியகம் நெக்ரோலிக்கும் அவர் காலத்தவருக்கும் என்றே தனிக் கண்காட்சி நடத்தியது. உலகெங்கும் சிதறிக் கிடந்த அவர் வேலைகள் ஒரே கூரையின்கீழ் வந்தன. சிற்பிகளுக்கும் ஓவியர்களுக்கும் ஆண்டுதோறும் கிடைக்கும் கவனம் அவருக்குக் கிடைக்க, இறந்தபின் நானூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

மத்ரித் ஆயுதச்சாலையில் நெக்ரோலியின் மெதூசாக் கேடயமும் தெசிடேரியஸின் எருதுக் கேடயமும் இன்று ஒரே தொகுப்பில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்தால் புடைப்பு வேலையில் வென்றவர் நெக்ரோலிதான். எருதுக் கேடயத்தில் உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. மெதூசாவைச் சுற்றி இரும்பு அமைதியாக விரிகிறது; நடுவிலிருந்து எழும் அந்த முகம் ஒன்றே போதும் என்று நெக்ரோலிக்குத் தெரிந்திருக்கிறது. தெசிடேரியஸை அந்தக் கேடயத்தை வைத்து மட்டும் எடைபோடுவதும் நியாயமில்லை. மூல்பெர்க் போரில் சார்லஸ் அணிந்த அந்த 1544ஆம் ஆண்டுக் கவசத்தில் ஒரு கோடுகூட வீண் இல்லை. அவருடைய தலைசிறந்த வேலை அதுவே.

அடுத்த பகுதியில்: ஐரோப்பிய வாளலகுகள் கடல் கடந்து வந்து தென்னிந்தியக் கைப்பிடிகளில் ஏறிய கதையும், எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களும்.

(தொடரும்)